மரத்தைப் படித்த பிறகு பிளேடை எடுங்கள்

பேண்ட்சா என்னும் பட்டை ரம்பத்துக்கு எந்த பிளேடு நல்லது என்று பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவரும், ராசிபுரத்தில் கதவு ஜன்னல் செய்கிறவரும், தம்மம்பட்டியில் சுவாமி சிற்பம் செதுக்குகிறவரும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கு இரும்புச் சட்டம் வெட்டுகிறவரும் ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஆனால் நால்வருக்கும் பொருந்தும்படியான ஒரே பதில் இல்லை. ஏனெனில் ஒரு பிளேடின் நன்மையும் தீமையும் அந்த பிளேடில் மாத்திரம் அடங்கியிருக்கவில்லை. அது எந்த மரத்தை, நெடுக்காகவா குறுக்காகவா, எவ்வளவு கனத்தில், எவ்வளவு பெரிய சக்கரத்தின் மேல் ஓடி அறுக்கப் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் தகுதி நிச்சயமாகிறது.

கடைக்காரர் சொல்லும் கம்பெனிப் பெயரையும், பக்கத்துப் பட்டறைக்காரர் மாட்டியிருக்கும் அளவையும் பார்த்து வாங்கும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. அதில் பிழையொன்றுமில்லை, எனினும் காரணம் தெரிந்து வாங்குகிறவனுக்கும், பார்த்து வாங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம், புது மரம் ஒன்று வந்து மேஜையில் ஏறும்போது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். காரணங்கள் பலவாகத் தோன்றினாலும், ஆராய்ந்து பார்த்தால் இரண்டே இரண்டு: அறுபடும் தூள் வெளியேற வழி இருக்கிறதா என்பது ஒன்று, பிளேடின் பட்டை ஓயாமல் வளைவதைத் தாங்குமா என்பது மற்றொன்று. பல்லின் எண்ணிக்கை, சாய்வு, செட், பட்டையின் அகலம், கனம், எஃகின் ஜாதி ஆகிய எல்லா விவரங்களும் பெரும்பாலும் இவ்விரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

தூளுக்கு வேண்டிய இடம்

ரம்பத்தில் அறுப்பது பல் என்று எல்லாரும் அறிவார்கள். அறுத்த தூள் எங்கே போகிறது என்று யோசிப்பவர்கள் சிலரே. பட்டை மரத்துக்குள் நுழைந்தது முதல் அடிப்புறத்தில் வெளிவரும் வரையில், ஒவ்வொரு பல்லும் தான் சுரண்டிய தூளைத் தனக்கு முன்னாலுள்ள குழியில் சுமந்துகொண்டே போக வேண்டும். இறுகிய கட்டையாக இருந்தவரையில் சிறிதளவு இடத்தில் அடங்கியிருந்த மரம், தூளான மாத்திரத்தில் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. குழி நிறைந்துவிட்டால் மிச்சத் தூள் பட்டையின் உடலுக்கும் மரத்துக்கும் நடுவே பிதுங்கி உராய்கிறது. உராய்வினால் பட்டை சூடேறி நீள்கிறது. நீண்ட பட்டை தன் இறுக்கத்தை இழந்து இப்படியும் அப்படியும் அலைகிறது. கடைசியில் ஒரு முனையில் கனமாகவும் மறு முனையில் மெலிந்தும் இருக்கும் பலகை கைக்கு வருகிறது. பலரும் இதைக் கண்டு பிளேடு மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மட்டமானது பிளேடு அன்று. அந்த வேலைக்கு அந்தப் பல் பொருந்தவில்லை என்பதே உண்மை.

12 இஞ்சு உயரமுள்ள கட்டையை நெடுக்காகப் பலகை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சுக்கு 3 பல் உள்ள பட்டையென்றால் ஒரு சமயத்தில் 36 பற்கள் மரத்துக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விசாலமான குழி உண்டு. இஞ்சுக்கு 14 பல் உள்ள பட்டையை அதே கட்டையில் செலுத்தினால் 168 பற்கள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், குழிகளோ கடுகளவு. கை வலிக்கத் தள்ளினாலும் அது அறுக்காது. மரத்தைக் கருக்கிப் புகையைத்தான் எழுப்பும். ஆகையால் உயரமான கட்டையைப் பிளக்க இஞ்சுக்கு 2 அல்லது 3 பல்லும், ஓரிரு இஞ்சுக் கனமுள்ள சாதாரணத் தச்சு வேலைக்கு 4 முதல் 6 வரையிலான பல்லும், மெல்லிய பலகைக்கும் பிளைவுட்டுக்கும் 10 முதல் 14 வரையிலான பல்லும் வைத்துக்கொள்வது கிரமம்.

பல் மிகக் குறைந்தாலும் ஆபத்துண்டு. எந்த நேரத்திலும் குறைந்தபட்சம் மூன்று பற்களாவது பொருளுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. கால் இஞ்சு பிளைவுட்டில் இஞ்சுக்கு 3 பல் உள்ள பட்டையைச் செலுத்தினால், ஒரு பல்கூட முழுதாக உள்ளே இல்லாத நேரம் வந்து, அடுத்த பல் விளிம்பில் மோதி, மேலடுக்கைப் பிய்த்தெறியும். பொருளோ இரும்பாக இருந்தால் பல்லே உடைந்து போகும்.

பல்லின் வடிவத்தையும் இந்தக் கண்கொண்டே பார்க்கலாம். நேராக நின்று நெருக்கமாக அமைந்த சாதாரணப் பல் வழவழப்பான முகத்தைத் தரும், நிதானமாகவே அறுக்கும். ஒரு பல் விட்டு ஒரு பல்லை எடுத்துவிட்டாற்போல் அமைந்த ஸ்கிப் பல்லில் குழி அகலம். பிசுபிசுப்பான மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் அது ஏற்றது. ஏறத்தாழ 10 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்த ஹூக் பல், மரத்தைத் தானே கவ்விப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் சுபாவமுடையது. கனமான கட்டையைப் பிளப்பதற்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் வைரம் பாய்ந்து காய்ந்த மரத்தில் சாய்வு அதிகமானால் பல் அளவுக்கு மீறிக் கவ்வித் திணறும். மென்மரத்துக்குச் சாய்வைக் கூட்டுவதும் வன்மரத்துக்குக் குறைப்பதும் சாணை பிடிக்கிற மேஸ்திரிகள் அனுபவத்தால் அறிந்துவைத்திருக்கும் விஷயம்.

பற்களை இடமும் வலமுமாகச் சற்றே விரித்துவிடுவதைத்தான் செட் என்கிறோம். பட்டையின் உடல் மரத்தில் உராயாமல் தாராளமாக ஓடுவதற்கு அந்த விரிப்பு வழிவிடுகிறது. பச்சை மரத்தின் நார் அறுபட்ட பிறகும் ஈரத்தினால் எழும்பி நின்று பட்டையை நெருக்குவதால், பச்சை மரத்துக்குச் செட் அதிகம் வேண்டும். காய்ந்த மரத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைக்கு ஒவ்வொரு பக்கமும் 0.4 மில்லிமீட்டர் செட் வைத்தால், அறுப்புத் தடத்தின் அகலம் 1.7 மில்லிமீட்டர். இந்த 1.7 மில்லிமீட்டரும் ஒவ்வொரு அறுப்பிலும் தூளாகப் போகிற மரம். வேண்டியதற்கு மேல் செட் வைப்பது மரத்தை விரயம் செய்வதோடு, பலகையின் முகத்தில் கீறல்களையும் விட்டுவைக்கும். வேண்டியதற்குக் குறைவாக வைத்தால் பட்டை சிக்கிக்கொள்ளும்.

வளைவின் சுமை

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். வில்லியம் நியூபெரி என்ற ஆங்கிலேயர் 1809-லேயே பட்டை ரம்ப யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் சக்கரத்தின் மேல் வளைந்து வளைந்து ஓடிய பட்டை, ஒட்டிய இடத்திலேயே அடிக்கடி அறுந்து போனபடியால், அந்த யந்திரம் ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் பயன்படாமலே கிடந்தது. அன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சு மாது பட்டையின் இரு முனைகளையும் உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1846-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான், அந்த உரிமையை வாங்கிய பாரிஸ் நகரத்துப் பெரென் கம்பெனியின் மூலமாகப் பேண்ட்சா தொழிற்சாலைகளில் இடம் பிடித்தது. பல் எவ்வளவு கூராக இருந்தாலும் பட்டை வளைவைத் தாங்காவிட்டால் பிரயோஜனமில்லை என்ற பாடத்தை அந்தச் சரித்திரமே நமக்குச் சொல்லிவிடுகிறது.

நம் மரமில்களில் ஓடும் 36 இஞ்சுச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அது நிமிஷத்துக்கு 700 சுற்று சுற்றினால் பட்டை சுமார் 6,600 அடி ஓடுகிறது. பட்டையின் மொத்த நீளம் 20 அடி என்று கொண்டால், அது நிமிஷத்துக்கு 330 தடவை முழுச் சுற்று வருகிறது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் இருப்பதால் 660 தடவை வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் இது 40,000 தடவையை நெருங்குகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் முறிந்துவிடுகிறதல்லவா? அதே சோதனையைத்தான் பட்டை காலை முதல் மாலை வரையில் அனுபவிக்கிறது.

கனம் கூடக்கூட வளைவின் பாரமும் கூடும். ஆகவே, சக்கரத்தின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பட்டையின் கனம் போகலாகாது என்று ஒரு விதி ஏற்பட்டது. 36 இஞ்சுச் சக்கரத்துக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர், 42 இஞ்சுச் சக்கரத்துக்கு 19 கேஜ், சுமார் 1.07 மில்லிமீட்டர், 48 இஞ்சுச் சக்கரத்துக்கு 18 கேஜ், சுமார் 1.24 மில்லிமீட்டர் என்று மரமில்களுக்குரிய கணக்கு இதிலிருந்தே பிறந்தது. கெட்டியான பட்டை நாள்பட உழைக்கும் என்று எண்ணிச் சிறிய சக்கரத்தில் கனத்த பட்டையை மாட்டினால், அது சீக்கிரமே பல்குழியின் அடியில் மயிரிழைபோல் விரிசல் விட்டுப் பின்பு அறுந்து விழும். தச்சுப் பட்டறைகளிலுள்ள 14 இஞ்சு யந்திரத்தில் இந்த விதியை அட்சரம் பிசகாமல் அனுசரிப்பது சாத்தியமில்லை. அங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பட்டைகள் வழங்குகின்றன. அதனாலேயே சிறு யந்திரத்தின் பட்டைக்கு ஆயுள் குறைவு. அதனாலேயே வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போவது அவசியம்.

நம் பக்கத்து மரங்கள்

பொதுவிதிகள் எவ்வளவு தெரிந்திருந்தாலும், மேஜைக்கு வரும் மரத்தை அறியாதவனுக்கு அவை உதவமாட்டா. சேலம், நாமக்கல் சமவெளியில் மரமில்லுக்கு வருவது பெரும்பாலும் பட்டா நிலத்து மரம்: வேம்பு, புளி, வாகை, கருவேலம், மா, பலா, பனை, தென்னை. மலையிலிருந்து இறங்குவது சில்வர் ஓக். இவற்றின் குணங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை.

மா மரம் சாதுவானது. பெட்டி செய்வதற்கும் சென்டரிங் பலகைக்கும் அறுக்கும்போது இஞ்சுக்கு 3 பல் ஹூக் பட்டையில் தடையின்றி ஓடும். வேம்பும் வாகையும் நார் முறுக்கி ஓடும் மரங்கள். இவற்றில் பல்லின் சாய்வைச் சற்றுக் குறைத்து, தள்ளும் வேகத்தையும் குறைத்தால் முகம் பிய்யாமல் வரும். காய்ந்த புளியும் கருவேலமும் வைரம் பாய்ந்தால் இரும்பு. இவற்றுக்குக் கூர் முதலில் வேண்டும், செட் அதிகம் வேண்டாம், அவசரம் அறவே கூடாது.

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் காப்பித் தோட்டத்து நிழலுக்காகவும் மிளகுக்கொடி படர்வதற்காகவும் வளர்க்கிற சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இம்மலைகளில் நிலைத்துவிட்ட மரம். அதை வளையத்துக்குச் செங்குத்தாக அறுத்தால் பலகையின் முகத்தில் வெள்ளிச் சரிகை வேலை போன்ற மினுக்குப் புள்ளிகள் தோன்றும். அந்த அழகை வெளிக்கொணர இஞ்சுக்கு 3 அல்லது 4 பல் உள்ள, புதிதாகத் தீட்டிய பட்டை வேண்டும். மழுங்கிய பட்டை அந்தப் புள்ளிகளைச் சுரண்டிக் கலைத்துவிடும்.

பனையும் தென்னையும் தனி ஜாதி. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில் இருக்கிறது. இவற்றுக்கோ உறுதியெல்லாம் வெளிப்புறத்தில், நடுவில் சோறு. வெளிப்புறத்தில் கறுத்து நெருங்கிய நார்க்கட்டுகள் அரம்போல் பல்லைத் தேய்த்துவிடும். பனங்கை அறுக்கிறவர்கள் சாதாரண கார்பன் பட்டையை வைத்துக்கொண்டு நொடிக்கொருதரம் சாணைக்கு ஓடுவதைக் காட்டிலும், பல் நுனியில் ஸ்டெல்லைட் அல்லது கார்பைடு வைத்த பட்டையில் முதல் போடுவது, தொடர்ந்து அதே வேலை இருக்கும் பட்சத்தில், லாபகரமானது. எப்போதோ ஒரு பனை வருமென்றால் அத்தனை செலவு வேண்டாம். ஆயுள் முடியப் போகும் பழைய பட்டையைத் தீட்டி அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

மரத்தின் ஜாதிக்கு அடுத்தபடியாக, அது நின்ற இடத்தையும் விசாரிக்க வேண்டும். நாமக்கல்லுக்குப் பக்கத்து மரமில் ஒன்றில் நான் கண்ட மேஸ்திரி, வேப்பங்கட்டை ஒன்றை டிராக்டரிலிருந்து இறக்கியதும் மரத்துக்குரியவரைப் பார்த்து முதலில் கேட்டது விலையைப் பற்றியதல்ல.

"மரம் எங்கீங்க நின்னுச்சு?"

"ரோட்டோரமுங்க மேஸ்திரி. எங்க அப்பாரு வெச்சது."

"அப்போ உள்ளாற ஆணி இருக்குமுங்க. தட்டி கட்டறவங்க ஒருத்தரும் விட்டு வெக்கறதில்லை. நல்ல பட்டை வேண்டாம். பழசைப் போட்டு அடிக்கட்டையை முதல்ல அறுத்துக்கலாமுங்க."

அதன் பிறகு அவர் கட்டையின் அடிப்பக்கத்தை மாத்திரம் அங்குலம் அங்குலமாகப் பார்வையிட்டு, மரப்பட்டை தழும்பேறி உப்பியிருந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார். அடிக்கட்டையை அவர் குறிப்பாகச் சொன்னதற்குத் தக்க காரணம் உண்டு. மரம் நுனியில்தான் உயரமாக வளர்கிறது. அடிமரம் பருக்கிறதேயன்றி மேலே நகர்வதில்லை. ஆகையால் இருபது வருஷத்துக்கு முன் ஆள் உயரத்தில் அடித்த ஆணி, இன்றும் அதே ஆள் உயரத்தில்தான், வளையங்களுக்குள் புதைந்து கிடக்கும். கையெட்டும் உயரத்துக்குட்பட்ட பகுதியைச் சோதித்துவிட்டால் அபாயத்தின் பெரும்பகுதி நீங்கியது. துவர்ப்புச் சத்து மிகுந்த கருவேலம் போன்ற மரங்களில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: இரும்பு புதைந்த இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருக்கும். வெட்டு முகத்தில் அந்தக் கறை தெரிந்தால் பட்டையை ஓட்டாதீர்கள். உளியால் கிளறி இரும்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஓர் ஆணியில் ஒரு பட்டையின் பற்கள் வரிசையாகப் போய்விடும். அறுந்து தெறித்தால் ஆளுக்கே ஆபத்து.

வளைத்து வெட்டுவதற்கு

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்கும் கலை பரம்பரையாக விளங்கிவருவதை நீங்கள் அறிவீர்கள். உளி வேலைக்கு முன்னால் கட்டையின் புறவடிவத்தைப் பேண்ட்சாவில் எடுத்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். இத்தகைய வேலைக்குப் பட்டையின் அகலம்தான் பிரதானம். கால் இஞ்சு அகலமுள்ள பட்டை சுமார் 5/8 இஞ்சு ஆரம் வரையில் வளையும். அரை இஞ்சுப் பட்டைக்குச் சுமார் 2½ இஞ்சு ஆரம் வேண்டும். ஒரு இஞ்சுப் பட்டைக்குச் சுமார் 7 இஞ்சு ஆரத்துக்குக் குறைந்த வளைவு ஆகாது. அகலமான பட்டையை இறுக்கமான வளைவில் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அது முறுக்கேறி, வழிகாட்டும் உருளைகளைத் தேய்த்து, சக்கரத்திலிருந்தே நழுவிவிடக்கூடும்.

ஆகவே வரைபடத்தில் உள்ள மிகச் சிறிய வளைவை முதலில் அளந்து, அந்த வளைவைத் திருப்பக்கூடிய பட்டைகளுள் அகலமானது எதுவோ அதை எடுப்பதே சரியான முறை. மிகவும் ஒடுங்கிய பட்டையை எல்லா வேலைக்கும் வைத்துக்கொண்டால் நேர்க்கோட்டில் அது உங்கள் பேச்சைக் கேட்காது. பிரபாவளியின் பெரிய வளைவுக்கு அரை இஞ்சும், விரல்களின் இடுக்குக்குக் கால் இஞ்சுமாக இரண்டு பட்டைகளை மாற்றி மாற்றி மாட்டுவது சிரமமாகத் தோன்றினாலும், முடிவில் உளிக்கு வேலை வெகுவாகக் குறைந்திருக்கும். பல் இஞ்சுக்கு 4 அல்லது 6, ஸ்கிப் வடிவத்தில் இருந்தால் போதுமானது. எப்படியும் உளி வந்து முகத்தைத் திருத்தப் போகிறபடியால் வழவழப்புக்காக நெருக்கமான பல் தேட வேண்டாம்.

இரும்பு வெட்டுகிறவர்களுக்கு

லாரிப் பாடியில் மரத்தின் பங்கு குறைந்து இரும்பின் பங்கு கூடிவிட்ட இக்காலத்தில், படுக்கை வசத்தில் இயங்கும் இரும்பு பேண்ட்சா நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் மர பேண்ட்சாவுக்குச் சமமான முக்கியத்துவம் பெற்றிருக்கிறது. இங்கே முதலில் உணர வேண்டியது வேகம். தச்சுப் பட்டறையின் சிறு யந்திரத்திலேயே பட்டை நிமிஷத்துக்கு 900 மீட்டர் அளவில் ஓடுகிறது. மைல்டு ஸ்டீலுக்கு 70 முதல் 90 மீட்டரும், சேலம் உருக்காலையால் நமக்கெல்லாம் பழகிப்போன ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதில் பாதியளவுமே தகும். மரம் அறுக்கும் யந்திரத்தில் இரும்பு பிளேடை மாட்டி இரும்பை வெட்டிவிடலாம் என்று முயல்கிறவர், முதல் இஞ்சு முடிவதற்குள் பற்களை இழந்துவிடுவார்.

இரண்டாவது, பல்லின் எண்ணிக்கை. 25 மில்லிமீட்டர் உருளைக்கு இஞ்சுக்கு 6/10 பல்லும், 100 மில்லிமீட்டர் உருளைக்கு 3/4 பல்லும் பொருந்தும். இப்படி இரண்டு எண்களாகக் குறிப்பது, ஒரே பட்டையில் பற்களின் இடைவெளி மாறி மாறி அமைந்திருப்பதைக் காட்டுகிறது. ஒரே சீரான இடைவெளியில் எழுகிற அதிர்வும் கூச்சலும் இதனால் அடங்குகின்றன. மெல்லிய குழாய்க்கும் ஆங்கிளுக்கும் 10/14 அல்லது அதைவிட நெருக்கமான பல் எடுக்க வேண்டும். ஒரே பட்டறையில் கனமான உருளையும் மெல்லிய குழாயும் அன்றாடம் வருமென்றால், இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு பட்டையை வைத்துச் சமாளிப்பதைவிட, இரண்டு பட்டைகள் வைத்து வேலைகளைச் சேர்த்து வெட்டுவது சிக்கனம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: பல் அதை வெட்டாமல் வெறுமனே உரசினால், உரசிய இடம் இறுகிக் கடினமாகிவிடும். பயந்து பயந்து மெதுவாகத் தள்ளுவது அங்கே நன்மையன்று. பட்டை ஓடும் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைத் தளராமல் வைத்து, குளிர்விக்கும் திரவத்தைத் தாராளமாக விட்டு, ஒவ்வொரு பல்லும் ஒரு சுருளையாவது எடுத்துக்கொண்டு வரும்படி ஓட்ட வேண்டும். கழிவு சுருண்டு வெண்மையாக விழுந்தால் எல்லாம் சரி. பொடியாக விழுந்தால் அழுத்தம் போதவில்லை. நீலமேறி விழுந்தால் வேகமோ அழுத்தமோ மிகுந்துவிட்டது.

இந்த வேலைக்கு ஏற்ற பட்டை பைமெட்டல். முதுகு, வளைவதற்கு இசைவான ஸ்பிரிங் எஃகு. பல்லின் விளிம்பு, 8 சதவீதம் கோபால்ட் கலந்த எம்-42 எனப்படும் ஹைஸ்பீடு எஃகு. கடினமானது முறியும், வளைவது மழுங்கும் என்ற பழைய சங்கடத்துக்கு, இரண்டு எஃகுகளையும் ஒன்றாகப் பற்றவைத்து விடை கண்டிருக்கிறார்கள். எஃகைப் பற்றிப் பேசும்போது சேலம் மாவட்டத்துக்குள்ள பழைய சம்பந்தம் ஒன்றையும் நினைவுகூர்வது தகும். கஞ்சமலையின் இரும்புத்தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பாலை நடத்திய, கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பிற்பாடு இங்கிலாந்தில் எஃகுடன் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெஃபீல்டு எஃகு மலிந்ததோடு, பற்றவைப்பதற்கும் இணக்கமாயிற்று. சேலத்து இரும்பில் ஈடுபட்ட ஒருவரின் சிந்தனை, கருவி எஃகின் சரித்திரத்திலேயே ஓர் இடம் பெற்றுவிட்டது.

மாட்டிய பிறகு

பொருத்தமான பட்டையை வாங்கிவிட்டால் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. புதுப் பட்டையின் பல்நுனி அளவுக்கு மிஞ்சிய கூருடன் இருக்கும். முதல் சில அறுப்புகளில் பாதி வேகத்தில் தள்ளினால் அந்த நுனி சீராகத் தேய்ந்து நிலைபெறும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் தள்ளினால் நுனி உதிர்ந்து, அப்போதே பட்டையின் பாதி ஆயுள் கழிந்துவிடும். பற்களில் படியும் பிசினைத் துடைக்க வேண்டும். படிந்த பிசின் செட்டையும் குழியையும் ஒருங்கே அடைத்துவிடுகிறது. மழுங்கியது தெரிந்தவுடன் சாணைக்கு அனுப்ப வேண்டும். மழுங்கிய பட்டையை இன்னும் ஒரு கட்டை, இன்னும் ஒரு கட்டை என்று ஓட்டுகிறவர்கள் மிச்சப்படுத்துவது சாணைக் கூலி, இழப்பது பட்டை.

சாணை பிடிக்கிறவர் பல்லின் நுனியை மாத்திரம் தொட்டுவிட்டு விட்டுவிடாமல், குழியின் அடிவரையில் ஒரே சீராகக் கல்லை ஓட்டுகிறாரா என்று பாருங்கள். குழியின் அடியில் கூரான மூலை எங்கே விழுகிறதோ அங்கேதான் விரிசல் தொடங்கும். ஒட்டுப் போட்ட இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்; மேடு இருந்தால் அது உருளையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் தட்டும், அந்தத் தட்டல் பலகையில் வரிவரியாகப் பதியும். ஒட்டிய பின் மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தாத ஒட்டு, கண்ணாடிபோல் முறிந்துவிடும். நல்ல ஒட்டை வளைத்தால் மற்ற இடத்தைப் போலவே அது சீராக வளையும். யந்திரம் ஓடும்போது பட்டையின் பக்கவாட்டில் ஆள் நிற்கலாகாது என்பதையும், மூடி இல்லாமல் ஓட்டலாகாது என்பதையும் நான் எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ஏன் இவ்வளவு சிரத்தை?

ஒரு பிளேடுக்காக இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். 150 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கட்டையை 12 மில்லிமீட்டர்ப் பலகைகளாகப் போடுவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் தடம் விழும் வட்ட ரம்பத்தில் 9 பலகைகள் கிடைக்கும். 1.5 மில்லிமீட்டர் தடம் விழும் பேண்ட்சாவில் 11 பலகைகள் கிடைக்கும். அந்த இரண்டு பலகைகளும் முன்னதில் தூளாகவும் துண்டாகவும் போய்விட்டன. பேண்ட்சாவிலும் பல்லும் செட்டும் பிசகி, அலைந்து அறுத்த பலகையை மறுபடி இழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தால், அந்த லாபம் முழுவதும் இழைப்புச் சுருளாகக் காலடியில் கொட்டிவிடும்.

லாபக் கணக்கு ஒருபுறமிருக்க, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல், மத்திய அரசின் அனுமதியின்றி வனங்களுக்குள் நடந்துவந்த மர அறுவை ஆலைகள் உள்ளிட்ட வேலைகளை நிறுத்தும்படி உத்தரவிட்டதிலிருந்து, மரம் என்பது காட்டிலிருந்து கேட்டபடி வந்துகொண்டேயிருக்கும் சரக்கு என்ற எண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அது நியாயமான தீர்ப்பென்றே நான் கருதுகிறேன். இனி நமக்குக் கிடைப்பது, யாரோ ஒரு குடியானவர் வரப்பில் வைத்து, ஒரு தலைமுறைக் காலம் காத்து, மகளுடைய கல்யாணத்துக்கோ வீடு கட்டுவதற்கோ மனமின்றி வெட்டிய மரம். அந்த மரத்தை மேஜையில் ஏற்றுகிறவனுக்கு, அதில் ஒரு பலகைகூட வீணாகாமல் திருப்பிக் கொடுக்கும் கடமை இருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை கடைக்குப் போகும்போது எந்த பிளேடு நல்லது என்று கேட்காதீர்கள். என் சக்கரம் இத்தனை இஞ்சு, நான் அறுப்பது இன்ன மரம், அது பச்சை அல்லது காய்ந்தது, கனம் இவ்வளவு, நேர் அறுப்பு அல்லது இன்ன ஆரத்து வளைவு என்று ஐந்து விவரங்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகும் கம்பெனிப் பெயரை மாத்திரம் சொல்கிற கடைக்காரரிடம் வாங்காமல், பல்லையும் கேஜையும் பற்றித் திருப்பிக் கேள்வி கேட்கிறவரிடம் வாங்குங்கள். வாங்கிய பட்டை எந்த மரத்தை எவ்வளவு அறுத்தது, எப்போது சாணைக்குப் போனது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டு நிரம்புவதற்குள் உங்கள் பட்டறைக்கும் உங்கள் ஊர் மரத்துக்கும் எது பொருந்தும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் அதைவிட நம்பத்தக்க சாட்சி வேறு கிடையாது.